அறுபது வருடமாக ஒரு ஃபைலைத் தேடுகிறார்கள்

லினக்ஸில் ஒரு புரோகிராமின் மூலநிரலை இறக்கி, கட்டி, நிறுவி முடித்து, அதன் பெயரைத் தட்டுகிறீர்கள். "இன்ன லைப்ரரியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை" என்று சொல்லிவிட்டு அது செத்துப்போகிறது. ஃபைல் இருக்கிறது. அரை நிமிடத்துக்கு முன்னால்தான் அது உங்கள் கண்ணெதிரே /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்தது. பட்டியல் போட்டுப் பார்த்தால் பெயர், எடை, தேதி எல்லாம் தெரிகிறது. ஆனாலும் இல்லையாம்.

இந்த "இல்லை"க்குப் பின்னால் ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அதில் மேதைகள் வருகிறார்கள், பெரிய கம்பெனிகள் வருகின்றன, திருடர்களும் வருகிறார்கள். திருடர்களைத் தவிர எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் காரியம் செய்தார்கள். சேதம் இவ்வளவு பெரிதானதற்கு அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றும்.

முதல் காட்சி அமெரிக்கா, 1965. எம்ஐடி, ஜெனரல் எலக்ட்ரிக், பெல் லேப்ஸ் மூன்றும் கூட்டுச் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தைக் கட்டப்போவதாக ஒரு மாநாட்டில் ஆறு கட்டுரைகள் வாசித்தன. கட்டி முடிக்காத ஒன்றைப் பற்றி ஆறு கட்டுரை வாசிக்கும் துணிச்சல் அந்தக் காலத்து ஆட்களுக்கு இருந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நம்முடைய பிரச்சினையை அவர்கள் அப்போதே தீர்த்துவிட்டார்கள். மல்டிக்ஸில் ஒரு புரோகிராம் தனக்கு வேண்டிய துணைப் பகுதியை முதல்முறை கூப்பிடும்போது இயந்திரமே குறுக்கே விழுந்து நிறுத்தும். இணைப்பி ஓடி வந்து தேடல் விதிகள் என்ற பட்டியலைப் பார்க்கும். கேட்ட பகுதி ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறதா? கூப்பிட்டவர் இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறதா? பயனர் இப்போது நிற்கும் ஃபோல்டரில்? எங்கும் இல்லாவிட்டால் பொதுக் கிடங்கில்? பட்டியல் பிடிக்கவில்லையென்றால் பயனர் மாற்றி எழுதிக்கொள்ளலாம். முடிந்தது விஷயம்.

முடிந்திருக்க வேண்டும். ஆனால் மல்டிக்ஸ் வருகிறது, வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்ததே தவிர வந்தபாடில்லை. 1969இல் பெல் லேப்ஸ் பொறுமை இழந்து எழுந்து போய்விட்டது. மல்டிக்ஸ் அதற்குப் பிறகு உருப்படியாகவே வந்து சேர்ந்து, முப்பது வருடம் உழைத்தது. கடைசி மல்டிக்ஸ் இயந்திரத்தைக் கனடாவின் பாதுகாப்புத் துறை ஹாலிஃபாக்ஸ் நகரில் 2000 அக்டோபரில்தான் அணைத்தது. அதற்குள் உலகம் அதன் விடைத்தாளைத் தொலைத்துவிட்டு, கேள்வித்தாளைப் புதிதாக அச்சடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து போன பெல் லேப்ஸ் கோஷ்டியில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர். மல்டிக்ஸின் ஆடம்பரத்தைப் பார்த்து நொந்தவர்கள், எதிர்ப்பக்கமாக ஒரே ஓட்டமாக ஓடினார்கள். ஓடிப் போய்ச் சேர்ந்த இடம் யூனிக்ஸ். அதில் ஓடும்போது இணைப்பது, தேடல் விதி, குறுக்கே விழும் இயந்திரம் எதுவும் கிடையாது. லைப்ரரியிலிருந்து உனக்கு என்ன வேண்டுமோ, கட்டும்போதே உன் புரோகிராமுக்குள் பிரதி எடுத்து வைத்துக்கொள். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அண்டாவும் குண்டாவும் புதிதாக வாங்கி, கல்யாணம் முடிந்ததும் மணமக்கள் கையிலேயே கொடுத்து அனுப்பிவிடுகிற ஏற்பாடு. செலவு ஜாஸ்திதான். ஆனால் எந்தக் கல்யாணத்திலும் "பாத்திரக் கடை எங்கே?" என்று யாரும் தெருத் தெருவாக அலைய வேண்டியதில்லை.

தாம்சன் என்ற பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மனிதர் கதையின் கடைசியில் திரும்பி வருவார்.

இதற்கிடையில் யூனிக்ஸ்காரர்கள் செய்த இன்னொரு காரியத்தைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. "முறையான ஃபோல்டர்", "முறையற்ற ஃபோல்டர்" என்ற சாதிப் பிரிவினை எங்கே ஆரம்பித்தது? 1971 வாக்கில் பிடிபி-11 இயந்திரத்தில் அவர்களுக்குக் கிடைத்த டிஸ்க்கில் இன்றைக்கு ஒரு செல்போன் போட்டோ அடங்காது. இயங்குதளம் வளர்ந்து முதல் டிஸ்க்கை நிரப்பிவிட்டது. பக்கத்தில் இரண்டாவது டிஸ்க் இருந்தது. அது பயனர்களின் சொந்தச் சாமான்களுக்கானது. அதன் பெயர் /யூஎஸ்ஆர். இயங்குதளம் அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. முதல் டிஸ்க்கில் /பின், /லிப் இருந்ததால் இரண்டாவதிலும் ஒரு /பின், ஒரு /லிப் போட்டார்கள். பிறகு மூன்றாவது டிஸ்க் வந்தபோது பயனர்கள் மூட்டை முடிச்சோடு அங்கே அனுப்பப்பட்டார்கள். யூஎஸ்ஆர் மட்டும் விருந்தாளியாக வந்து வீட்டுக்காரனான இயங்குதளத்திடமே தங்கிவிட்டது.

அவ்வளவுதான் விஷயம். டிஸ்க் நிரம்பியது. ஆனால் அடுத்த தலைமுறை இதை ஒரு தத்துவமாக மாற்றியது. /லிப்பில் இருப்பது இயந்திரம் எழுந்திருக்கத் தேவையானது, /யூஎஸ்ஆர்/லிப்பில் இருப்பது எழுந்த பிறகு தேவையானது, /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பில் இருப்பது நீங்களாகக் கட்டிக்கொண்டது, /ஆப்ட்டில் இருப்பது காசு கொடுத்து வாங்கியது என்று சாஸ்திரம் எழுதினார்கள். அதற்கு நெறிமுறை ஆவணங்கள் வந்தன. மடல் மடலாகச் சண்டை நடந்தது. 2012இல் ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் வெளிவந்தபோது /லிப் என்பதை /யூஎஸ்ஆர்/லிப்பைச் சுட்டும் வெறும் குறியாக மாற்றி இரண்டையும் சேர்த்துவைத்தார்கள். ஒரு டிஸ்க் நிரம்பிய வழக்கில் தீர்ப்பு வர நாற்பது வருடம் ஆனது.

எண்பதுகளுக்கு வருவோம். திரையில் ஜன்னல்கள் முளைத்த காலம். ஒரு கடிகாரத்தை வரைகிற அற்பப் புரோகிராம்கூட, ஜன்னல் வரையும் லைப்ரரி முழுவதையும் வயிற்றில் சுமந்துகொண்டு நின்றது. பத்து ஜன்னல் திறந்தால் ஒரே லைப்ரரி நினைவகத்தில் பத்து முறை. நினைவகம் விற்ற விலையில் இது தாங்காது. இப்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞானோதயம் ஆனது: ஒரே பிரதியைப் பொதுவில் வைத்து எல்லாரும் பகிர்ந்துகொண்டால் என்ன? ஆஹா, என்ன புதுமை. மல்டிக்ஸ்காரர்கள் அந்தப் பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஏடி அண்டு டி தன் சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டில் செய்த முயற்சி பரிதாபமானது. ஒவ்வொரு பொது லைப்ரரிக்கும் நினைவகத்தில் ஒரு நிரந்தர முகவரி. வேறெங்கும் அது உட்காராது. இரண்டு லைப்ரரிகள் ஒரே இடத்துக்கு ஆசைப்பட்டால் தீர்ந்தது. இதைப் பார்த்து யாராவது பாடம் கற்றிருப்பார்கள் என்று நினைத்தால், 1990களின் தொடக்கத்தில் லினக்ஸ் அப்படியே அதே பள்ளத்தில் விழுந்தது. எந்த லைப்ரரிக்கு எந்த முகவரி என்று ஒரு பொதுப் பட்டியல் வைத்துக்கொண்டு, 1995 வாக்கில் எல்ஃப் வடிவத்துக்கு மாறும்வரை அதைக் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

உருப்படியாகச் செய்தது சன் மைக்ரோசிஸ்டம்ஸ். 1987இல் அவர்களுடைய நான்கு பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1988இல் சன்ஓஎஸ் 4.0 வந்தது. லைப்ரரி நினைவகத்தில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். புரோகிராமுக்குள் லைப்ரரியின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். ஓட ஆரம்பிக்கும்போது எல்டி.எஸ்ஓ என்ற ஒரு ஆள் முதலில் எழுந்து, அந்தப் பெயர்களைப் படித்து, லைப்ரரிகளைத் தேடிப் பிடித்துக்கொண்டுவந்து கோத்துக் கொடுக்கும். இன்றைக்கு லினக்ஸில் நாம் திட்டிக்கொண்டிருக்கும் எல்டி.எஸ்ஓவுக்கு அதுதான் மூதாதை.

தேடிப் பிடித்து என்று சொன்னேன். எங்கே தேடும்? சன் வைத்த விடைகளில் ஒன்று, எல்டி_லைப்ரரி_பாத். அது ஒரு சூழல் மாறி. அதில் ஃபோல்டர் பெயர்களை எழுதிவிட்டால் எல்டி.எஸ்ஓ அங்கே முதலில் போய்ப் பார்க்கும். புதிதாகக் கட்டிய லைப்ரரியை ஊருக்கு விடுவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்க இதைவிட அருமையான வசதி இல்லை.

ஒருமுறை ஓட்டிப் பார்க்க. அதோடு நிறுத்தியிருக்கலாம்.

யாரும் நிறுத்தவில்லை. "நிறுவி முடிந்ததா? இனி உங்கள் தொடக்கக் கோப்பில் இந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்" என்று காசு வாங்கிக்கொண்டு மென்பொருள் விற்றவர்களெல்லாம் கையேட்டில் எழுதினார்கள். இந்த மாறிக்கு ஒரு குணம் உண்டு: அது பரம்பரைச் சொத்து. உங்கள் ஷெல்லில் வைத்தால் ஷெல் பெற்ற பிள்ளைகள், பேரன்கள் எல்லாருக்கும் போகும். சர்க்யூட் வரையும் ஒரு புரோகிராமுக்காக அதில் எழுதிய ஃபோல்டரில் ஒரு கிழட்டு சி++ லைப்ரரி இருக்கும். அந்தப் புரோகிராமில் "உதவி" என்ற பொத்தானை அழுத்தினால் அது பிரவுசரைக் கிளப்பும். பிரவுசர் பரம்பரைச் சொத்தைப் பெற்றுக்கொண்டு, கிழட்டு லைப்ரரியை எடுத்துப் போட்டுக்கொண்டு, அங்கேயே மாரடைத்து விழும். உதவி கேட்டவர் பிரவுசர் கம்பெனியைத் திட்டுவார்.

மற்ற கம்பெனிகள் இந்தக் கண்டுபிடிப்பைப் பார்த்து மகிழ்ந்து, ஆளுக்கொரு பெயர் வைத்தன. எச்பி அதை எஸ்எச்லிப்_பாத் என்றது. ஐபிஎம் சுருக்கமாக லிப்பாத் என்றது. ஆப்பிள் டிஒய்எல்டி_லைப்ரரி_பாத் என்றது. நான்கு இயங்குதளத்தில் ஓட வேண்டிய ஒரு புரோகிராமுக்கு முன்னால் அதைக் கிளப்பிவிட ஒரு ஷெல் உரை. அதில் நான்கு "என்றால்". புரோகிராமைவிட அந்த உரை பெரிதாக இருந்த காலம் ஒன்று உண்டு.

இன்னொரு நுணுக்கம். பழைய மதிப்போடு புதிய ஃபோல்டரைச் சேர்க்க எல்லோரும் எழுதும் வரி, புதிய ஃபோல்டர், ஒரு முக்காற்புள்ளி, பழைய மதிப்பு என்ற வரிசையில் இருக்கும். பழைய மதிப்பு ஒன்றுமே இல்லாவிட்டால் கடைசியில் முக்காற்புள்ளி மட்டும் அம்போவென்று தொங்கும். தொங்கினால் என்ன என்கிறீர்களா? வெற்றிடத்துக்கு எல்டி.எஸ்ஓ கொடுத்திருக்கும் பொருள்: "இப்போது நிற்கிற ஃபோல்டர்". ஆகவே நீங்கள் யாரோ ஒருவருடைய ஃபோல்டருக்குள் எட்டிப் பார்க்கப் போய், அங்கே நின்றபடி எந்தக் கட்டளையைத் தட்டினாலும், அவர் வைத்திருக்கும் போலி லைப்ரரி உங்கள் பெயரில் ஓடக்கூடும். இணையத்தில் கிடக்கும் நிறுவல் குறிப்புகளில் இந்த வரி இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறது.

இங்கேதான் திருடர்கள் வருகிறார்கள். சன்ஓஎஸ்காரர்கள் முட்டாள்கள் அல்ல. சாதாரணப் பயனர் ஓட்டினாலும் ரூட் என்ற தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம்கள் சில உண்டு. கடவுச்சொல் மாற்றும் புரோகிராம் அப்படிப்பட்டது. அவற்றை ஓட்டும்போது எல்டி.எஸ்ஓ ஒரு சோதனை செய்யும்: கிளப்பியவர் யார், அதிகாரம் யாருடையது? இரண்டும் வேறாக இருந்தால், பயனர் எழுதிவைத்த மாறியை நம்பாதே. பூட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வேறொரு வாசல் இருந்தது.

டெல்நெட் என்ற பழைய தொலைத்தொடர்பு முறையை நினைவிருக்கிறதா? தூரத்து இயந்திரத்துக்குள் நுழைய உதவுவது. 1993இல் அதற்கு ஒரு கூடுதல் வசதி எழுதினார்கள்: நுழைகிறவர் தன் சூழல் மாறிகளையும் கூடவே அனுப்பிவைக்கலாம். உங்கள் திரை எந்த இயந்திரத்தில் இருக்கிறது என்பது போன்ற தகவல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் சௌகரியம்தானே? நல்லெண்ணம், மறுபடியும். அந்தப் பக்கம் டெல்நெட் சேவை ரூட்டாக ஓடிக்கொண்டிருக்கும். வந்த மாறிகளை வாங்கிச் சூழலில் வைத்துவிட்டு, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் லாகின் புரோகிராமைக் கிளப்பும்.

இப்போது எல்டி.எஸ்ஓ எழுந்து தன் சோதனையைச் செய்கிறது. கிளப்பியவர் யார்? ரூட். அதிகாரம் யாருடையது? ரூட். சந்தேகத்துக்கே இடமில்லை, போங்கள். சூழலில் எல்டி_லைப்ரரி_பாத் இருக்கிறதா? இருக்கிறது. அது எந்த ஃபோல்டரைச் சொல்கிறது? யார் வேண்டுமானாலும் ஃபைல் போடலாம் என்று அதே இயந்திரத்தில் திறந்துவைத்திருக்கும் ஒரு ஃபோல்டரை. அங்கே திருடர் முன்கூட்டியே இறக்கிவைத்த சி லைப்ரரி, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் இடத்தில் "சரிதான், வா" என்று மட்டும் சொல்லும்படி எழுதப்பட்டது. கதவைத் திறந்துவிடுவதற்காகவே வைத்த ஆள், கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிட்டான். 1995 நவம்பரில் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. பல கம்பெனிகளின் யூனிக்ஸ் ஒரே நேரத்தில் மாட்டியது. ஒரே ஃபைலைக் கண்டுபிடிக்கத்தான் இத்தனையும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஓட்டுபவர் சொல்வதைக் கேட்டால் இந்தக் கதி. அப்படியானால் கட்டியவர் சொல்லட்டும் என்று இன்னொரு கட்சி. புரோகிராமைக் கட்டும்போதே அதன் வயிற்றில் ஃபோல்டரின் பெயரைப் பொறித்துவிடலாம். அதற்கு ஆர்பாத் என்று பெயர். யாரும் எந்த மாறியையும் வைக்க வேண்டாம், தொடக்கக் கோப்பைத் தொட வேண்டாம். கட்டியவருக்குத் தெரியாததா?

கட்டியவருக்குத் தன் வீட்டை மட்டும்தான் தெரியும் என்பது பிறகு தெரியவந்தது. தன் சொந்த ஃபோல்டரின் முழு முகவரியைப் பொறித்து உலகுக்கு விநியோகித்தவர்கள் ஏராளம். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் ஆட்கள் இந்த ஆர்பாத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், அதற்கு நியாயமும் இருக்கிறது. 1998இல் வந்த டெபியன் 2.0 பழைய சி லைப்ரரியிலிருந்து ஜிலிப்சி என்ற புதியதற்கு மாறியது. பழையதை நம்பியிருந்த லைப்ரரிகளை ஒரு தனி ஃபோல்டருக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, பழைய இடத்தில் புதியவற்றை வைத்தார்கள். எல்டி.எஸ்ஓ கெட்டிக்காரத்தனமாக, பழைய புரோகிராமுக்குப் பழையதையும் புதியதற்குப் புதியதையும் பிரித்துக் கொடுத்தது. ஆர்பாத் பொறித்த பழைய புரோகிராம்கள் மட்டும் எந்த யோசனையையும் கேட்காமல் நேரே பழைய முகவரிக்குப் போய், அங்கே குடியேறியிருந்த புதியவற்றைக் கையைப் பிடித்து இழுத்துவந்தன. ஒரே புரோகிராமுக்குள் இரண்டு சி லைப்ரரிகள். பிறகு புரோகிராம் எங்கே இருக்கும்? இதன் பிறகு, பிறர் பொறித்த ஆர்பாத்தைச் சுரண்டி எடுப்பதற்கென்றே கருவி வந்தது.

லிப்டூல் என்றொரு கருவி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆர்பாத்தைப் பொறித்துக் கொடுத்து டெபியன்காரர்களின் ரத்த அழுத்தத்தை ஏற்றிக்கொண்டிருந்தது. அதே லிப்டூல், நிறுவல் முடிந்ததும் திரையில் ஒரு பிரசங்கம் செய்யும். உங்கள் லைப்ரரிகள் இன்ன இடத்தில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்த எல்டி_லைப்ரரி_பாத்தில் சேருங்கள், அல்லது எல்டி_ரன்_பாத்தில் சேருங்கள், அல்லது ஆர்பாத் பொறியுங்கள், அல்லது உங்கள் கணினி நிர்வாகியிடம் சொல்லி அமைப்புக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். இரவு ஒரு மணிக்குத் தன் வீட்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்திருப்பவர், கணினி நிர்வாகியைத் தேடித் திரும்பிப் பார்த்தால் சுவர்தான் இருக்கும். இத்தனை யோசனையில் எது நல்லது என்று மட்டும் லிப்டூல் வாய் திறக்காது. நடுநிலைமை.

அந்த நிர்வாகியின் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் முதல் பத்தியில் செத்துப்போன புரோகிராமுக்கு மருந்து அங்கேதான். /இடிசி ஃபோல்டரில் எல்டி.எஸ்ஓ.கான்ஃப் என்று ஒரு ஃபைல். அதில் ஃபோல்டர் பெயரைச் சேர்த்துவிட்டு, ரூட்டாக எல்டிகான்ஃபிக் என்ற கட்டளையை ஓட்ட வேண்டும். அது எல்லா ஃபோல்டரையும் மேய்ந்து ஒரு அட்டவணை தயாரிக்கும். எல்டி.எஸ்ஓ ஓடும் நேரத்தில் அந்த அட்டவணையைத்தான் பார்க்கும், அந்த ஃபோல்டர்களையல்ல. அதனால்தான் கண்ணெதிரே இருக்கும் ஃபைல் "இல்லை" ஆகிறது. பெயர் ரிஜிஸ்டரில் ஏறவில்லை. டெபியன் /யூஎஸ்ஆர்/லோக்கல்/லிப்பைத் தானே பட்டியலில் வைத்துக்கொடுக்கும். ரெட் ஹாட் வம்சத்தில் அந்த வழக்கம் இல்லை. அங்கே நீங்களாகச் சேர்க்க வேண்டும். இரண்டிலும் எல்டிகான்ஃபிக்கை ஓட்ட மறந்தால் கதி ஒன்றுதான்.

ஆர்பாத்துக்குத் திரும்புவோம், அங்கே சண்டை முடியவில்லை. ஆர்பாத், எல்டி_லைப்ரரி_பாத்துக்கும் முன்னால் பார்க்கப்படும். அதாவது கட்டியவர் சொன்னால் சொன்னதுதான். ஓட்டுபவர் என்ன கத்தினாலும் எடுபடாது. இது அநியாயம் என்று கண்டு, ரன்பாத் என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். இது எல்டி_லைப்ரரி_பாத்துக்குப் பின்னால் பார்க்கப்படும். ஆகவே இன்றைய சட்டம்: முதலில் ஆர்பாத், ஆனால் ரன்பாத் இருந்தால் ஆர்பாத் கிடையாது; பிறகு எல்டி_லைப்ரரி_பாத், ஆனால் ரூட் அதிகாரப் புரோகிராமாக இருந்தால் அது கிடையாது; பிறகு ரன்பாத்; பிறகு அட்டவணை; கடைசியில் /லிப்பும் /யூஎஸ்ஆர்/லிப்பும். எல்லோருக்கும் ஒரு வாக்கு கொடுத்துச் சமரசம் செய்தால் இப்படித்தான் சட்டம் வரும்.

இதிலும் ஒரு பொடி உண்டு. ரன்பாத், புரோகிராம் நேரடியாகக் கேட்கும் லைப்ரரிகளுக்கு மட்டுமே செல்லும். அந்த லைப்ரரி இன்னொரு லைப்ரரியைக் கேட்டால் அதற்குச் செல்லாது. ஆர்பாத் சென்றது. ஆகவே பத்து வருடம் ஒழுங்காக ஓடிய புரோகிராமை, ரன்பாத்தை இயல்பாகப் பொறிக்கும் புது இயங்குதளத்தில் மறுபடி கட்டினால், அது பிள்ளையைக் கண்டுபிடித்துவிட்டுப் பேரனைத் தொலைத்துவிடும்.

சரி, முழு முகவரி வேண்டாம், "நான் எங்கே இருக்கிறேனோ அதற்குப் பக்கத்தில்" என்று எழுதினால் என்ன? அதற்கு சோலாரிஸில் ஒரு மந்திரச் சொல் வந்தது, லினக்ஸும் எடுத்துக்கொண்டது: $ஆரிஜின். புரோகிராமும் லைப்ரரிகளும் ஒரே மூட்டையாக எங்கே இடம் பெயர்ந்தாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். இந்தக் கதையிலேயே எனக்குப் பிடித்த யோசனை இதுதான். ஒரே சிக்கல், அந்த டாலர் குறி. கட்டும் வேலையை நடத்தும் மேக் என்ற கருவியின் கோப்பில் ஒற்றை டாலர் எழுதினால் மேக் தின்றுவிடும். இரண்டு எழுதினால் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை ஷெல்லிடம் கொடுக்கும். ஷெல் அதைத் தின்றுவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் தப்பிக்கலாம், ஆனால் இடையில் இன்னொரு உரை வழியாகப் போனால் அதுவும் ஒரு வாய் வைக்கும். கடைசியில் புரோகிராமைத் திறந்து பார்த்தால் "ரிஜின்" என்று பொறித்திருக்கும். உலகம் முழுக்க எத்தனை "ரிஜின்" சுற்றிக்கொண்டிருக்கிறதோ.

2010 அக்டோபரில் டேவிஸ் ஓர்மண்டி என்ற பாதுகாப்பு ஆய்வாளர் இந்த மந்திரச் சொல்லையே திருப்பிவிட்டார். ரூட் அதிகாரத்தோடு ஓடும் பிங் புரோகிராமுக்குத் தன் ஃபோல்டருக்குள் ஒரு இணைப்புப் பெயர் கொடுத்தார். இப்போது "நான் எங்கே இருக்கிறேன்" என்று எல்டி.எஸ்ஓ கேட்டால் விடை: ஓர்மண்டியின் ஃபோல்டரில். அங்கே எதை வைப்பது என்பது அவர் இஷ்டம். ஜிலிப்சியில் இதற்கெதிராகக் காவல் போட்டிருந்தார்கள். எல்டி_ஆடிட் என்ற சந்து ஒன்றை மட்டும் மறந்துவிட்டிருந்தார்கள்.

விண்டோஸைப் பற்றி ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அங்கே லைப்ரரியைத் தேடும்போது, நிற்கிற ஃபோல்டரை இயங்குதளத்தின் ஃபோல்டர்களுக்கு முன்னால் பார்ப்பதே வெகுகாலம் வழக்கம். 2004இல் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக்கில்தான் அதைப் பின்னுக்குத் தள்ளினார்கள். 64 பிட் விண்டோஸில் 64 பிட் லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்டம்32. 32 பிட் லைப்ரரிகள் இருக்கும் ஃபோல்டரின் பெயர் சிஸ்வாவ்64. பழைய புரோகிராம்கள் உடையக் கூடாது என்பதற்காகவாம். மேற்கொண்டு நான் எதுவும் சொல்லவில்லை.

ஆப்பிள் வேறொரு வழி பார்த்தது: நான் எங்கே இருப்பேன் என்று லைப்ரரியே தன் மேல் எழுதிக்கொள்ளட்டும். பிறகு அதற்கு விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று போய் 2007இல் அவர்களும் ஆர்பாத்தில் வந்து நின்றார்கள். 2015இல் பாதுகாப்பு என்ற பெயரில், இயங்குதளத்தின் சொந்தப் புரோகிராம்களைக் கிளப்பும்போது டிஒய்எல்டி மாறிகளைச் சத்தமில்லாமல் உருவி எடுத்தார்கள். 2020இல் பிக் சர் வந்தபோது உச்சகட்டம்: இயங்குதளத்தின் லைப்ரரிகளைத் தனித்தனி ஃபைல்களாக டிஸ்க்கில் வைப்பதையே நிறுத்திவிட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய தொகுப்புக்குள் கொட்டினார்கள். லினக்ஸில் ஃபைல் இருக்கும், இல்லை என்பார்கள். ஆப்பிளில் ஃபைல் இருக்காது, இதோ இருக்கிறது என்பார்கள்.

எல்டி.எஸ்ஓ எல்லோரையும் தேடுகிறது, சரி. அதை யார் தேடுவது? அதன் முழு முகவரி ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் எழுதியிருக்கிறது; கெர்னல் நேரே அங்கே போகும். அந்த முகவரியில் ஆள் இல்லையென்றால் "அப்படி ஒரு ஃபைல் இல்லை" என்று செய்தி வரும். எந்த ஃபைல் என்று சொல்லாது. நீங்கள் தட்டிய புரோகிராமின் பெயருக்குப் பக்கத்தில் அந்தச் செய்தி வரும். புரோகிராமோ குத்துக்கல் மாதிரி கண்ணெதிரே இருக்கும். சாதாரண லினக்ஸில் கட்டியதைக் கொண்டுபோய் அல்பைன் என்ற லினக்ஸில் ஓட்டிப் பார்த்த அத்தனை பேரும் இந்த இடத்தில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டவர்கள்தான்.

இந்த மொத்தக் கூத்தையும் பார்த்துவிட்டு நெதர்லாந்துக்காரர் எல்கோ டோல்ஸ்ட்ரா, உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 2006இல் முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வேடு கொடுத்தார். அதன் சாரம்: பொதுக் கிடங்கே வேண்டாம். ஒவ்வொரு லைப்ரரியின் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் நீளமான கிறுக்கெழுத்துப் பெயரோடு ஒரு தனி ஃபோல்டர். ஒவ்வொரு புரோகிராமுக்குள்ளும் அந்த முழு முகவரி ஆர்பாத்தாக. டெபியன்காரர்கள் சுரண்டி எடுத்த அதே ஆர்பாத், அவருடைய நிக்ஸ் என்ற ஏற்பாட்டில் மூலக்கல். இது வேலை செய்கிறது. வேலை செய்வதாலேயே, நிக்ஸ் ஆட்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் வேறு பேச்சு இருக்காது.

2009இல் கூகுள், கோ என்ற மொழியை வெளியிட்டது. அதன் புரோகிராம்கள் வழக்கமாக எந்தப் பொது லைப்ரரியையும் தேடுவதில்லை, வேண்டியதெல்லாம் வயிற்றுக்குள்ளேயே. உருவாக்கியவர்கள் மூவர். ஒருவர் கென் தாம்சன். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்த இடத்திலிருந்து மனிதர் ஓர் அங்குலம் நகரவில்லை. நடுவில் அவர் பங்கெடுத்த பிளான் 9 என்ற இயங்குதளத்திலும் பொது லைப்ரரி கிடையாது. மற்றவர்கள்தான் சுற்றுலா போய்விட்டுத் திரும்பியிருந்தார்கள். 2013இல் டாக்கர் வந்து, புரோகிராமோடு இயங்குதளத்தின் பாதியையே மூட்டை கட்டிக் கொடுத்தது. இனி யாரும் எதையும் தேட வேண்டாம் என்றார்கள். என்விடியா வெளியிடும் கூடா மூட்டைகளைப் பிரித்துப் பாருங்கள்: உள்ளே எல்டி_லைப்ரரி_பாத் எழுதியிருக்கிறது.

பைத்தான்காரர்கள் இதற்கும் மேலே. அவர்களிடம் ஆடிட்வீல் என்ற கருவி இருக்கிறது. ஒரு தொகுப்பு நம்பியிருக்கும் பொது லைப்ரரிகளையெல்லாம் பிரதி எடுத்து, தொகுப்புக்குள்ளேயே ஒரு ஃபோல்டரில் போட்டு, ஆர்பாத்தில் $ஆரிஜின் பொறித்துவிடும். பக்கத்துத் தொகுப்பின் பிரதியோடு மோதக் கூடாது என்பதற்காக, லைப்ரரியின் பெயரிலும் ஒரு கிறுக்கெழுத்து வால் ஒட்டும். நம்பை, சைபை என்ற இரண்டு தொகுப்புகளும் கணக்குப் போட ஓப்பன்ப்ளாஸ் என்ற ஒரே பொது லைப்ரரியை நம்புகின்றன. பிப் வழியாக இரண்டையும் நிறுவி, ஒரு புரோகிராமில் இரண்டையும் கூப்பிட்டுவிட்டு, நினைவகத்தை எட்டிப் பாருங்கள். ஆளுக்கொரு ஓப்பன்ப்ளாஸைப் போட்டுக்கொண்டு, ஒரே புரோகிராமுக்குள், ஒன்றையொன்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும். பகிர்வு லைப்ரரி என்றுதான் இன்னமும் அதற்குப் பெயர்.